டர்பனிலிருந்து கோடம்பாக்கத்துக்கு: வெள்ளைக்கார காமெடி நடிகரைத் தமிழ் சினிமாவுக்குத் தயார் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் மேடை நகைச்சுவை செய்து பிழைக்கும் வெள்ளைக்கார நடிகர்கள் சிலர் என்னிடம் தமிழ் உச்சரிப்பு கற்க வருகிறார்கள். திறமைக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே சந்தை சிறியது. ஒரு விளம்பரப் படம், ஏதோ ஒரு கம்பெனியின் ஆண்டு விழாவில் ஒரு ராத்திரி, பிளேஹவுஸ் அரங்கில் ஒரு நாடகம், அப்புறம் மாதக்கணக்கில் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பில்தான் பக்கத்து வீட்டு கவெண்டர் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தமிழ்ப் படம் பார்க்கிறார்கள். காமெடியன் வாயைத் திறக்கும் முன்பே வீடே சிரிக்கிறது. அங்கே நமக்கும் ஒரு இடம் கிடைக்காதா என்ற ஆசை அப்போது வருகிறது.

அப்படி ஆசைப்படுகிறவர் உங்கள் நண்பராக இருக்கலாம், கூட வேலை பார்ப்பவராக இருக்கலாம், வீட்டு மாப்பிள்ளையாகக்கூட இருக்கலாம். அவருக்குக் கைகொடுக்க நினைக்கும் தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் என் முடிவான கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் புரியாமல் விழிக்கும் வெள்ளைக்காரரைப் பார்த்து ரசிகர்கள் ஒரு காட்சிக்குச் சிரிப்பார்கள். எல்லாம் புரிந்து, சரியான நேரத்தில் தமிழிலேயே பதிலடி கொடுக்கும் வெள்ளைக்காரரைப் படம் முழுக்க ரசிப்பார்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அவரை முதல் ஆளிலிருந்து இரண்டாவது ஆளாக மாற்றுவதற்குத்தான்.

முதல் படி: எந்த இடம் காலியாக இருக்கிறது என்று காட்டுங்கள்

இந்திய சினிமாவில் வெள்ளைக்காரர்களுக்கு நெடிய வரலாறு உண்டு. அதை அவர் தெரிந்துகொள்ளட்டும். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் 1936இல் 'சதி லீலாவதி'யை இயக்கினார். 1950இல் 'மந்திரி குமாரி' வரை தமிழில் படம் எடுத்தார், தமிழ் பேசத் தெரியாமலேயே. இயக்குநருக்கு அது நடந்தது. உதவியாளர்கள் வசனத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நடிகருக்கு அது நடக்காது.

ஆஸ்திரேலியாவில் பிறந்த மேரி ஆன் எவன்ஸ் 'ஃபியர்லெஸ் நாடியா' என்ற பெயரில் 1935இல் 'ஹன்டர்வாலி' மூலம் பம்பாயில் பெரிய நட்சத்திரம் ஆனார். அவரைத் தூக்கி நிறுத்தியது உடம்பு: சவுக்கு, குதிரை, சண்டை. முசூரியில் பிறந்த அமெரிக்க வம்சாவளியினரான டாம் ஆல்டர், பூனா திரைப்படக் கல்லூரியில் நடிப்புப் படித்துவிட்டு வந்தவர். அவருடைய உருதுவைக் கேட்டு உருதுக்காரர்களே வியந்தார்கள். 2008இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2017இல் இறக்கும் வரை மேடையும் சினிமாவும் அவரை விடவில்லை.

தமிழில் சமீப காலத்தைப் பாருங்கள். 2010இல் 'மதராசபட்டினம்' எமி ஜாக்சனைக் கதாநாயகியாகக் கொண்டுவந்தது; அதே படத்தில் அமெரிக்கரான அலெக்ஸ் ஓநெல் ஆங்கிலேய எதிரியாக வந்தார். 2021இல் 'ஜகமே தந்திரம்' படத்தில் ஸ்காட்லாந்து நடிகர் ஜேம்ஸ் காஸ்மோ, 2024இல் 'கேப்டன் மில்லர்' படத்தில் எட்வர்ட் சோனன்பிளிக். 2022இல் வந்த 'பிரின்ஸ்' நகைச்சுவைப் படம்; அதில்கூட உக்ரைன் நடிகை மரியா ரியாபோஷப்காவுக்குக் கிடைத்தது கதாநாயகி வேடம்.

இந்தப் பெயர்களை வரிசையாகப் படித்தாலே விஷயம் புரியும். வில்லன் இருக்கிறார், கலெக்டர் துரை இருக்கிறார், காதலி இருக்கிறார். படம் முழுக்க நாயகனோடு கூடவே சுற்றி, தமிழில் வாயாடி, அடி வாங்கி, திருப்பிக் கொடுக்கும் வெள்ளைக்கார காமெடியன் அந்த வரிசையில் இல்லை. உங்கள் நண்பர் குறிவைக்க வேண்டியது அந்த இடத்தைத்தான். கலெக்டர் துரை வேடத்துக்கு மும்பையிலேயே ஆட்கள் குடியிருக்கிறார்கள். அதற்காக டர்பனிலிருந்து யாரும் போக வேண்டாம்.

இரண்டாவது படி: தமிழை இங்கேயே தொடங்குங்கள்

இந்தப் படிக்கு மட்டும் குறைந்தது ஒரு வருடம் ஒதுக்கச் சொல்லுங்கள். சென்னைக்குப் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சென்னையில் அவரைப் பார்த்ததும் எல்லோரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். டர்பனில் அடித்தளம் போட்டுக்கொண்டு போனால்தான் அங்கே பிடிவாதமாகத் தமிழில் பதில் சொல்ல முடியும்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தில் நின்றதிலிருந்து இந்த மண்ணில் தமிழ் இருக்கிறது. இன்று சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சரளமாகத் தமிழ் பேசுபவர்கள் குறைவு என்பது நமக்கெல்லாம் தெரிந்த வருத்தம்தான். ஆனால் கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் நடத்தும் வார இறுதி வகுப்புகள் இருக்கின்றன. வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் இருக்கின்றன. எழுத்துக்கு வகுப்பு, பேச்சுக்கு அந்தக் குடும்பங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எழுத்து கட்டாயம். வசனத்தாளை ஆங்கில எழுத்தில் எழுதி வாங்கிப் படிக்கும் நடிகருக்கு 'படம்', 'பாடம்', 'பட்டம்' எல்லாம் ஒரே மாதிரிதான் வாயில் வரும்.

ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கு மூன்று இடங்களில் சிக்கல். ப, த, க மூன்றையும் காற்றை ஊதித்தான் சொல்வார்கள். உதட்டுக்கு முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'பல்லி', 'கல்லு' என்று சொல்லச் சொல்லுங்கள், காகிதம் ஆடக்கூடாது. 'போ' என்ற ஓசையைக் கடைசியில் வளைத்து 'போவ்' ஆக்குவார்கள். வாயை அசைக்காமல் நிறுத்தப் பழக்க வேண்டும். இரட்டை மெய்யில் நிற்க மாட்டார்கள்; 'அக்கா' என்பது 'அகா' ஆகிவிடும். ழகரத்தைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்பட வேண்டாம், அதைத் தமிழ்நாட்டிலேயே பாதிப் பேர் விட்டுவிட்டார்கள்.

ஆப்பிரிக்கான்ஸ் பேசி வளர்ந்தவர் என்றால் பாதி வேலை முடிந்தது. அந்த மொழியில் ப, த, க ஊதாமல்தான் வரும். ரகரம் நாக்கு அதிரத்தான் வரும். லண்டனிலிருந்து வரும் நடிகருக்கு இல்லாத அனுகூலம் இது. புளூம்ஃபொன்டைன் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்தவர் 'ராத்திரி' என்று சொல்வதைக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

உச்சரிப்பு ஓரளவுக்கு வந்த பிறகு நான் கொடுக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. 'சாப்பிட்டாச்சு.' ஒரே ஒரு சொல். அதை ஐந்து ஆட்களாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது தட்டு பிரியாணியோடு நிற்கும் சாட்ஸ்வொர்த் அத்தையிடம், மனம் நோகாமல் மறுப்பவர். ஒரே கல்யாணத்தில் மூன்று பந்தி உட்கார்ந்துவிட்டு, நாலாவதில் மாட்டிக்கொண்டவர். ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சமைத்து வைத்த மனைவியின் முகத்தைப் பார்க்கும் கணவர். பசி வயிற்றைப் பிடுங்க, கௌரவம் தடுக்கும் விருந்தாளி. கடன்காரன் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க விரும்பாதவர். அத்தையிடம் 'டா' நீளும். பந்தியில் மாட்டியவருக்கு 'ச்சு' வாய்க்குள்ளேயே போய்விடும். கணவருக்கு முதல் எழுத்துக்கு முன்னாலேயே ஒரு இடைவெளி வேண்டும். சிரிப்பு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இந்த ஐந்தும் ஒருவருக்கு வந்துவிட்டால், சென்னையில் எந்த இயக்குநர் முன்னாலும் தைரியமாக நிற்கலாம்.

எந்த வட்டாரப் பேச்சு என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். சென்னைப் பேச்சு, மதுரைப் பேச்சு, கோவைப் பேச்சு என்று மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்தால் எதிலும் ஒட்டாது. என்னைக் கேட்டால் மதுரை. அங்கே வாக்கியம் நிதானமாக ஏறி முடிவில் படீரென்று விழும். மேடையில் பழகியவர்களுக்கு அது சீக்கிரம் பிடிபடுகிறது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். டர்பன் இந்தியர்களின் ஆங்கிலத்தைப் போலச் செய்து காட்டிச் சிரிக்க வைப்பது இங்கே வெள்ளைக்கார மேடைகளில் பழைய வழக்கம். அதை அவர் இங்கேயே விட்டுவிட்டுப் போகட்டும். நம்மை உட்கார வைத்து நம் நாக்கையே கேலி செய்த காலம் ஒன்று இருந்தது. அதை மறக்கச் சொல்லி நம்மிடம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அதோடு, அந்த ஆங்கிலம் தமிழ்நாட்டு ரசிகருக்குச் சுத்தமாகப் புரியாது.

மூன்றாவது படி: கட்டியங்காரனிடமும் பபூனிடமும் பாடம்

நம் கோயில்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை இங்கே ஆங்கிலத்தில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். இன்றும் ஆடும் குழுக்கள் இருக்கின்றன. உங்கள் நண்பரை ஒரு ராத்திரி முழுக்க அங்கே உட்கார வையுங்கள். திரைக்குப் பின்னால் ராஜா நிற்க, முன்னால் வந்து 'யார் நீ, எந்த ஊர்?' என்று அவரையே விசாரிக்கும் கட்டியங்காரனை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். கதைக்குள்ளும் இருப்பான், கதைக்கு வெளியே வந்து முன்வரிசைக் கிழவியிடமும் பேசுவான். ராஜாவை அவன் வாரலாம். ராஜா கோபப்பட்டால் காலில் விழுவான். தமிழ் காமெடியன் நாயகனோடு வைத்திருக்கும் உறவின் வேர் அந்தத் திரைக்கு முன்னால்தான் இருக்கிறது. ஆங்கிலப் பாணியில் தனியாக மைக் பிடித்து நின்று பழகிய நடிகருக்கு இந்த இருவர் ஆட்டம் புதிது. தன் முறை வரும்வரை எதிராளியின் பேச்சுக்கு உடம்பால் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் போன பிறகு மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் நடக்கும் ஸ்பெஷல் நாடகங்களில் கோமாளியாக வரும் பபூனைப் பார்க்கட்டும். கதை தொடங்குவதற்கு முன்பு மேடை பபூனுடையது. கூட்டத்தை உட்கார வைக்கும் பொறுப்பும் அவருடையது.

படங்களில் எதைப் பார்ப்பது? நான் ஜே.பி. சந்திரபாபுவிலிருந்து தொடங்குவேன். தூத்துக்குடிக்காரர்; மேல்நாட்டு நடனத்தையும் தொண்டையை உடைத்துப் பாடும் யோடலிங்கையும் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். மேல்நாட்டு உடல்மொழி தமிழுக்குள் எப்படிப் பொருந்தும் என்பதற்கு அவரை விட நல்ல பாடம் கிடையாது. அப்புறம் நாகேஷ். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் தருமி கோயிலில் தனியாகப் புலம்பும் காட்சியை, முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கட்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்கட்டும். இரண்டு வழியிலும் சிரிப்பு வருகிறது. கவுண்டமணி – செந்தில் ஜோடியில் செந்திலைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோரும் கவுண்டமணியின் கவுண்டரை, அதாவது பதிலடியைப் படிக்கிறார்கள். அந்தக் கவுண்டருக்கு வழிசெய்து கொடுத்துவிட்டு அப்பாவியாக நிற்பது செந்தில். புதிதாக வருபவருக்கு முதலில் கிடைக்கப்போவது அந்த வேலைதான். வடிவேலுவை எத்தனை முறை பார்த்தாலும் தகும்.

நான்காவது படி: வீட்டுப் பக்கத்திலேயே மேடை ஏறுவது

விமானம் ஏறும் முன் தமிழர்கள் முன்னால் நிற்க வேண்டும். கோயில் விழாக் கலைநிகழ்ச்சியில் பத்து நிமிடம் கேளுங்கள். தமிழ் ஐஸ்டெட்ஃபாட் என்னும் கலைப் போட்டிகளில் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்குபவர்களோடு சேர்த்துவிடுங்கள். பாட்டிமார் சிரிக்கிறார்களா என்பதுதான் சோதனை. இளைஞர்கள் ஒரு வெள்ளைக்காரர் தமிழ் பேசுகிறார் என்பதற்காகவே கைதட்டுவார்கள். அதை நம்ப வேண்டாம்.

2017இல் வந்த 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்' படம் சாட்ஸ்வொர்த் குடும்பங்களை வைத்து எடுத்தது. அதன் வெற்றியால் தொடர்ச்சியாக மேலும் படங்கள் வந்தன. அது மாதிரி உள்ளூர் இந்திய நகைச்சுவைப் படங்களில் ஒரு சின்ன வேடம் கிடைத்தால்கூட, இந்தியக் குடும்பக் கதைக்குள் தான் பொருந்துவதைக் காட்ட அவர் கையில் ஒரு காட்சி இருக்கும்.

இன்னொரு வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்தியப் படக்குழுக்கள் நம் நாட்டுக்கே வருகின்றன. 2006இல் வந்த 'தூம் 2' படத்தின் ஒரு பகுதி டர்பனில் எடுக்கப்பட்டது. கேப்டவுனில் இந்தித் தொலைக்காட்சியின் சாகச நிகழ்ச்சிகள் பல ஆண்டுகள் படமாகியிருக்கின்றன. வெளிநாட்டுக் குழு வந்தால் உள்ளூர் லைன் புரொடியூசர் ஒருவர் இருப்பார். போலீஸ்காரர், டாக்ஸி டிரைவர், ஹோட்டல் மேனேஜர் என்று சின்ன வேடங்களுக்கு ஆட்களை இங்கேயே எடுப்பார். விசா வேண்டாம், விமானச் செலவு இல்லை. இரண்டு நாள் வேலை செய்தாலும் இயக்குநரின் உதவியாளர்களோடு பழக்கம் வந்துவிடும். கேப்டவுன், டர்பன் லைன் புரொடியூசர்களிடம் 'தமிழ் பேசும் வெள்ளைக்கார நடிகர்' என்று அவர் பெயர் பதிவாகியிருக்கட்டும். அந்த வரியைப் பார்த்தாலே திரும்பக் கூப்பிடுவார்கள்.

ஐந்தாவது படி: அனுப்பும் வீடியோ

இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் அரை நிமிடம் தமிழில் தன்னைப் பற்றி: பெயர், ஊர், வயது, உயரம், எந்தத் தேதிகளில் வர முடியும். அடுத்து இன்னொருவரோடு பேசும் ஒரு காட்சி. எதிராளி கேமராவுக்குப் பின்னால் இருக்கலாம். கடைசியாக வசனமே இல்லாத ஒரு துண்டு. வெள்ளைச் சுவர், ஜன்னல் வெளிச்சம், ஓசை தெளிவு. இது போதும். பிரபலமான காமெடி வசனத்தை அப்படியே பேசி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். இயக்குநர் காதில் அசல் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒப்பிட்டுப் பார்த்து ஒதுக்கிவிடுவார்.

ஆறாவது படி: மும்பையா, சென்னையா?

மும்பையில் வெளிநாட்டு முகங்களுக்கு வேலை அதிகம். கொலாபா பக்கம் சுற்றும் சுற்றுலாப் பயணிகளையே ஏஜென்ட்கள் கூட்டக் காட்சிக்கு அழைத்துப் போவது பழைய கதை. அந்தேரி மேற்கில் ஆராம் நகர் முழுக்க ஆடிஷன் அறைகள். விளம்பரம், வெப் சீரிஸ் என்று மாத வாடகைக்காவது வழி பிறக்கும். ஆனால் அங்கே போட்டிக்கு இந்தி பேசும் வெள்ளைக்காரர்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். சென்னையில் வேலை குறைவு, தமிழ் பேசுபவர் என்றால் போட்டியும் மிகக் குறைவு. நாம் கொடுத்த தமிழோடு போகிறவர் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

ஏழாவது படி: காகிதங்கள்

சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்கு நடிக்கக் கூடாது. 'ஒரு நாள் ஷூட்டிங்தானே, யாருக்குத் தெரியும்' என்று சொல்லும் ஏஜென்ட் பேச்சைக் கேட்டால் மாட்டிக்கொள்வது நடிகர்தான். நாட்டை விட்டு அனுப்பினால் மறுபடி உள்ளே வருவது பெரும்பாடு. முதல் பயணத்தைச் சுற்றுலா விசாவில் வைத்துக்கொள்ளலாம்: ஊரைப் பார்க்க, ஆட்களைச் சந்திக்க, மொழி, நடனம், கலைகளில் சான்றிதழ் இல்லாத குறுகிய காலப் பயிற்சி எடுக்க. வேடம் உறுதியான பிறகு, தயாரிப்பு நிறுவனத்தின் அழைப்புக் கடிதத்தோடும் ஒப்பந்தத்தோடும் வேலைக்கான விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த வகை விசா என்பதை டர்பனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். படத் தயாரிப்பு மேனேஜர் வாய்ச்சொல்லாகச் சொல்வது போதாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் இந்தியா போய் இறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் இணையம் வழியாகப் பதிய வேண்டும்.

வரி விஷயம். இந்தியாவில் வசிப்பவராகக் கணக்கில் வராத வெளிநாட்டுக் கலைஞருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் 20 சதவீத வரியும் அதற்கு மேல் செஸ் என்னும் கூடுதல் வரியும் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். ஒப்பந்தம் பேசும்போதே, சொல்லும் தொகை பிடித்தம் போகவா, பிடித்தத்துக்கு முன்பா என்று கேட்டுவிட வேண்டும். இந்திய வருமான வரி எண்ணுக்கான பான் அட்டை எடுப்பதும், பிடித்த வரிக்குச் சான்றிதழ் வாங்குவதும் அவசியம். இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், இங்கே கணக்குக் காட்டும்போது அந்தச் சான்றிதழ் உதவும்.

பயணச்சீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகும் டிக்கெட் பல சமயம் மலிவாக இருக்கும். ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள். அந்த வழியாக வந்தால் இந்தியாவில் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். துபாய் வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை.

எட்டாவது படி: சென்னையில் முதல் மாதங்கள்

வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கத்தில் அறை எடுக்கட்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தால் நேரமும் பணமும் வண்டியிலேயே போய்விடும். சாலிகிராமத்தில் டீக்கடைக்குப் போனாலே உதவி இயக்குநர்கள் இருப்பார்கள். இன்றைக்குத் தோளில் பை மாட்டிக்கொண்டு டீ குடிப்பவர், மூன்று வருடத்தில் தன் முதல் கதையோடு தயாரிப்பாளர் முன்னால் உட்காருவார். அவருக்கு உங்கள் நண்பரை மனிதராகத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய இயக்குநரின் வாசலில் நிற்பதைவிட இந்தப் பழக்கம்தான் வேடமாக மாறும்.

நடிப்புப் பயிற்சிக்கு, ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற இடங்களை விசாரிக்கட்டும். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் அங்கே உருவானவர்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்கெழுதும் வேலையில் சேர்ந்து நடிகர்களைப் பார்த்துப் பழகியவர். அங்கே நம் நண்பர் வெள்ளைக்காரராக நிற்க மாட்டார், இன்னொரு மாணவராக நிற்பார். சென்னையில் அவருக்கு அது வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது.

புரோக்கர்கள் விஷயத்தில் மட்டும் அவரை எங்கும் தனியாக விடாதீர்கள். வாய்ப்பு வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கொடு, போட்டோ எடுக்கப் பணம் கொடு, படத்தில் பங்கு போடு என்று வருபவர்கள் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். நடிப்பவருக்குத்தான் பணம் வரும். நடிப்பவர் பணம் கொடுக்கும் இடத்தில் படம் இருக்காது. அழைக்கும் கம்பெனி உண்மையானதா என்று தயாரிப்பாளர் சங்கத்திலும், தொழிலாளர் அமைப்பு விதிகளைத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியிலும் கேட்கலாம். அவருக்குக் கேட்கத் தெரியாத இடத்தில் நீங்களோ உங்கள் சென்னை உறவினரோ ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் கையில் இல்லாமல் யாரையும் அனுப்ப வேண்டாம். பசியோடு இருப்பவர் கிடைத்த வேடத்தையெல்லாம் வாங்கிக்கொள்வார். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று பத்தாவது படியில் சொல்கிறேன்.

ஒன்பதாவது படி: ஷூட்டிங்கிலும் டப்பிங்கிலும்

படப்பிடிப்பில் வசனம் தெரியாத நடிகருக்கு உதவி இயக்குநர் கேமரா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பார். பிராம்ப்டிங் என்பார்கள். அழுகைக் காட்சியில் அது சமாளித்துப் போகும். காமெடியில் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். எதிரில் நிற்கும் காமெடியன் பேசி முடித்திருப்பார். நம் ஆள் காது பிராம்ப்டரிடம் இருக்கும். கண்ணில் அரை நொடி ஒரு வெறுமை தெரியும். ரசிகருக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று தெரியாது, ஆனால் வராது. ஆகவே முதல் நாள் ராத்திரியே வசனத்தாளைக் கேட்டு வாங்கி, எதிராளியின் வரிகளையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். வசனம் காலையில்தான் வந்தது, வந்ததும் மாறியது என்பதெல்லாம் அங்கே சாதாரணம். அதற்காகத்தான் ஒரு வருடத் தமிழ்.

இயக்குநரையும் கேமராமேனையும் 'சார்' என்றும், லைட் பிடிப்பவரையும் டீ கொடுப்பவரையும் 'அண்ணே' என்றும், மேக்கப் அம்மாவை 'அக்கா' என்றும் கூப்பிடப் பழக்குங்கள். பூஜை நடக்கும் இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும். யூனிட்டோடு உட்கார்ந்து இட்லி சாப்பிடட்டும். யூனிட் ஆட்கள் சிரித்தால் அந்தக் காட்சியை எடிட்டிங்கில் வெட்ட இயக்குநருக்கு மனம் வராது.

டப்பிங்கில்தான் பல வெளிநாட்டு நடிகர்கள் பாதி நடிப்பை இழக்கிறார்கள். படம் முடிந்ததும் வேறொருவர் குரலைப் போட்டுவிடுவார்கள். காமெடியனுக்குக் குரல் போனால் என்ன மிச்சம்? 'சொந்தக் குரலில் டப்பிங் பேச வாய்ப்புத் தர வேண்டும்' என்ற வரியை ஒப்பந்தத்திலேயே போடச் சொல்லுங்கள். இருட்டறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையில் தன் உதடு அசைவதைப் பார்த்து, அதே வேகத்தில் மறுபடி பேசுவது தனி வித்தை. இருமல், பெருமூச்சு, 'ஐயோ', அடி வாங்கும்போது வரும் முனகல் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். தன் மேடை வீடியோவை ஒலி இல்லாமல் ஓடவிட்டுத் தமிழில் டப் செய்து பழகினால் டர்பனிலேயே இதற்குத் தயாராகலாம். பாக்கிச் சம்பளத்தையும் டப்பிங்குக்கு முன்னால் வாங்கிவிடுவதுதான் அந்த ஊர் நடைமுறை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பத்தாவது படி: எந்த வேடத்தை மறுப்பது

முதல் வேடம் சின்னதாக இருக்கலாம். அதைப் பற்றிக் கவலையில்லை. பார்க்க வேண்டியது, சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான். மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் விடும் வெள்ளைக்காரர், வேட்டி அவிழும் வெள்ளைக்காரர், கெட்ட வார்த்தையை மரியாதை என்று நம்பிச் சொல்லும் வெள்ளைக்காரர்: இந்த மூன்றையும் ஒரு முறைக்கு மேல் செய்தால் அதற்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள். ஒரு முறை செய்யட்டும், முகம் தெரிய வேண்டும். இரண்டாவது முறை வந்தால், அதே காட்சியைத் திருப்பிப் போடும்படி ஒரு யோசனையோடு இயக்குநரிடம் போகட்டும். மிளகாயைக் கடித்துவிட்டு 'இன்னும் ரெண்டு குடுங்கண்ணே' என்று கேட்கட்டும். டர்பன் கறியில் வளர்ந்தவருக்கு அது நடிப்பே இல்லை. காமெடி டிராக் எழுதுபவர்கள் இப்படி யோசனையோடு வருபவரை விரும்புவார்கள், அடுத்த கதையில் அவருக்காகவே ஒரு ஆளை எழுதுவார்கள்.

நிறத்தையும் உடம்பையும் சாதியையும் வைத்து அடுத்தவரை இழிவு செய்யும் வரி வந்தால், பேசுவது வெள்ளைத் தோல் உள்ளவர் என்பதை அவர் மறக்கக் கூடாது. இன்னொருவர் பேசினால் கேலியாகப் போகும் வரி, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வெள்ளைக்காரர் வாயில் வேறாக ஒலிக்கும். பணிவோடு மறுக்கலாம். தமிழ் தெரிந்தால்தான் அது என்ன வரி என்றே தெரியும்.

நட்சத்திரம் ஆவாரா என்று கேட்டால், பெரிய படத்தில் நாயகனுக்கு நண்பனாக, ரசிகர்களுக்குப் பெயர் தெரிந்த ஆளாக ஆவது நடக்கக்கூடிய காரியம் என்று நம்புகிறேன். அதற்கு முதல் படத்துக்குப் பிறகு நாலைந்து வருடம் பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஷெட்யூல் இல்லாத மாதங்களில் டர்பனுக்கு வந்து மேடை வேலை செய்யட்டும், வங்கிக் கணக்கு காயாமல் இருக்கும். வரும்போதெல்லாம் உங்கள் வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள். ஒரு மாதம் ஆங்கிலத்திலேயே இருந்தால் முதலில் போவது அந்த இரட்டை மெய்தான். சென்னை விமானத்துக்கு முந்தின வாரம் காகிதத்தையும் 'பல்லி'யையும் மறுபடி எடுத்து வையுங்கள்.